ஆளைக் கொண்டுவரும் செலவு யார் தலையில்?



பினாங்கில் இன்று இரண்டு விதமான 'ஆள் தேவை' அறிவிப்புகளைக் காணலாம். ஒன்று, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் நிறுவனங்கள் வெளியிடுவது. அவர்களுக்குப் பொறியியலாளர்களும் டெக்னீஷியன்களும் இயந்திர இயக்குநர்களும் வேண்டும். மற்றொன்று, ஜார்ஜ்டவுனில் பெரியவர்கள் 'கடைத்தெரு' என்று அழைக்கும் லெபோ பாசார் வட்டாரத்தில், உணவகக் கதவுகளிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் ஒட்டியிருப்பது. அவர்களுக்குச் சமையற்காரரும் பரிமாறுபவரும் முடிதிருத்துபவரும் வேண்டும்.

2024-ஆம் ஆண்டில் நாட்டின் வேலையின்மை விகிதம் 3.2 விழுக்காடு. வேலை செய்யக்கூடியவர்களில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு வேலை இருக்கிறது என்பதே இதன் பொருள். ஆகவே, அறிவிப்பு ஒட்டிவிட்டுக் காத்திருக்கும் முதலாளிக்கு ஆள் கிடைப்பதில்லை. "உள்ளூரில் ஆள் இல்லையா, வெளிநாட்டிலிருந்து எடுத்துவிட்டால் போயிற்று" என்ற பேச்சு அப்போது எழுகிறது.

எடுக்கலாம். அதற்குச் சட்டம் இருக்கிறது, விசா இருக்கிறது. ஆனால் ஓர் ஆளைக் கடல் கடந்து கொண்டுவர ஆகும் செலவு யார் தலையில் விழுகிறது? பினாங்கில் இது நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைய கேள்வி. அன்று அந்தக் கேள்விக்கு ஆளானவர்களில் தமிழர்களும் உண்டு.

மாறி வரும் வேலைச் சந்தை

சுங்கவரியற்ற துறைமுகம் என்ற தகுதியை 1969-இல் இழந்தபோது பினாங்கு பெரும் வேலையில்லாத் திண்டாட்டத்தில் இருந்தது. அன்றைய முதலமைச்சர் துன் டாக்டர் லிம் சோங் இயூ, பாயான் லெப்பாஸில் தாராள வாணிப வட்டாரத்தை உருவாக்கி வெளிநாட்டு நிறுவனங்களை அழைத்தார். 1972-இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தனது முதல் தொழிற்சாலையை அங்கே தொடங்கியது. ஏ.எம்.டி., போஷ், ஹிட்டாச்சி போன்றவையும் வந்தன. முதலில் வந்த எட்டு நிறுவனங்களை 'எட்டுச் சாமுராய்கள்' என்று பினாங்கு மக்கள் இன்றும் சொல்வதுண்டு.

அப்போது வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பினாங்கு, கெடா கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்த இளம் பெண்கள். அன்று வெளிநாட்டு ஆள் தேவைப்படவில்லை. அவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போன பிறகுதான், 1990-கள் முதல் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்கள் உற்பத்தி வரிசைகளில் இடம் பிடித்தனர்.

இப்போது சக்கரம் மீண்டும் சுழல்கிறது. இன்டெல் நிறுவனம் 2021-இல் மலேசியாவில் 3,000 கோடி ரிங்கிட் முதலீட்டை அறிவித்தது. 2024 மே மாதம் அரசாங்கம் வெளியிட்ட தேசிய செமிகண்டக்டர் வியூகத் திட்டம், 60,000 பொறியியலாளர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்கிறது. கையால் பொருத்தும் வேலை குறைகிறது; இயந்திரத்தைப் பராமரிக்கவும் பழுது பார்க்கவும் வடிவமைக்கவும் தெரிந்தவர்களுக்கான வேலை கூடுகிறது.

அரசாங்கத்தின் போக்கும் அந்தத் திசையிலேயே செல்கிறது. 2025 சூலை 31-இல் தாக்கல் செய்யப்பட்ட 13-ஆவது மலேசியத் திட்டம், மொத்தத் தொழிலாளர்களில் அந்நியத் தொழிலாளர்களின் பங்கை 2030-க்குள் 10 விழுக்காடாகவும் 2035-க்குள் 5 விழுக்காடாகவும் குறைக்க இலக்கு வைத்துள்ளது. வெளிநாட்டு ஆளை நம்பியே கடை நடத்துபவர்கள் இந்த எண்களை மறந்துவிடக் கூடாது.

இரண்டு விசா, இரண்டு உலகம்

வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, எம்ப்ளாய்மென்ட் பாஸ். பொறியியலாளர், மேலாளர், நிபுணர் போன்றவர்களுக்கு உரியது. மாதச் சம்பளத்தின் அளவை வைத்துப் பிரிவுகள் வகுக்கப்பட்டுள்ளன. உயர்ந்த பிரிவுகளில் உள்ளவர்கள் மனைவி மக்களையும் அழைத்து வரலாம்.

இரண்டாவது, பிஎல்கேஎஸ் எனப்படும் தற்காலிக வேலை பெர்மிட். உற்பத்தி, கட்டுமானம், தோட்டம், விவசாயம், சேவை ஆகிய துறைகளின் சாதாரணத் தொழிலாளர்களுக்கு உரியது. வரும்போது வயது 18-க்கும் 45-க்கும் இடையில் இருக்க வேண்டும். பெர்மிட்டை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். குடும்பத்தைக் கொண்டுவர முடியாது. எந்த முதலாளியின் பெயரில் பெர்மிட் உள்ளதோ அவரிடம் மட்டுமே வேலை செய்ய வேண்டும்.

இந்த இரண்டாவது வழிக்குப் படிகள் அதிகம். முதலில் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளத்தில் வேலையை விளம்பரம் செய்து, உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். 2023 சனவரி 1 முதல், வேலைச் சட்டத்தின் 60கே பிரிவின்படி தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநரின் முன் அனுமதி கட்டாயம். பிறகு கோத்தா, லெவி, ஆளை வரவழைக்கும் 'காலிங் விசா', வந்த பின் ஃபோமெமா மருத்துவப் பரிசோதனை, அதன் பிறகே பெர்மிட்.

இந்தக் கதவு எப்போதும் திறந்திருப்பதும் இல்லை. 2023 மார்ச்சில் புதிய கோத்தா விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. ஏற்கெனவே காலிங் விசா பெற்றவர்கள் நாட்டுக்குள் நுழைய 2024 மே 31 கடைசி நாள் என்று அறிவிக்கப்பட்டது. அந்த நாள் நெருங்கியபோது டாக்கா விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் டிக்கெட் கிடைக்காமல் தவித்தனர். பல ஆயிரம் பேரால் வர முடியவே இல்லை. அவர்கள் ஏஜெண்டிடம் கட்டிய பணம் போனது போனதுதான்.

நம் சமூகத்தோடு நெருங்கிய முடிதிருத்தும் தொழில், நகைத் தொழில், துணிக்கடை ஆகிய மூன்றுக்கும் 2009 முதல் வெளிநாட்டு ஆள் எடுப்பது முடக்கப்பட்டிருந்தது. 2023 செப்டம்பரில்தான் இம்மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேரை எடுக்க அரசாங்கம் இணங்கியது. உணவுத் தொழிலிலோ பினாங்குக்கென்று தனி விதியும் உண்டு. சார் குவே தியோவ், அசாம் லக்சா போன்ற பினாங்கின் அங்காடி உணவுகளுக்கு வெளிநாட்டவர் முதன்மைச் சமையற்காரராக இருக்கக் கூடாது என்ற தடையை மாநில அரசு 2016-இல் அமலாக்கத் தொடங்கியது.

இரண்டு விசாக்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸில் வரும் பொறியியலாளருக்கு விமான டிக்கெட்டை நிறுவனம் எடுத்துக் கொடுக்கும். விசா செலவும் நிறுவனத்துடையதே. பாத்திரம் கழுவ வருகிறவரோ ஊரில் நிலத்தை அடகு வைத்து, ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வருகிறார். அதிகம் சம்பாதிப்பவர் வந்து சேரக் காசு கொடுப்பதில்லை. குறைவாகச் சம்பாதிப்பவரே கொடுக்கிறார்.

மலிவு என்பது வெறும் நம்பிக்கை

வெளிநாட்டு ஆள் மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 பிப்ரவரியில் தொடங்கி அதே ஆண்டு ஆகஸ்டுக்குள் சிறு முதலாளிகளுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. உள்ளூர் ஊழியருக்கு முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப் 13 விழுக்காடு, அதாவது மாதம் ஏறக்குறைய 221 ரிங்கிட்.

வெளிநாட்டுத் தொழிலாளருக்கு உற்பத்தி, சேவைத் துறைகளில் தீபகற்பத்தில் 2016 முதல் விதிக்கப்பட்ட லெவி ஆண்டுக்கு 1,850 ரிங்கிட். மாதத்துக்குப் பிரித்தால் 154. அதோடு 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து 2 விழுக்காடு இபிஎஃப் கட்டாயமாகியிருக்கிறது. அது 34 ரிங்கிட். கூட்டினால் 188. இரண்டு ஆட்களுக்கும் இடையே மாதம் 33 ரிங்கிட்தான் வித்தியாசம். மருத்துவப் பரிசோதனை, பெர்மிட் கட்டணம், சட்டப்படியான தங்குமிடம் எல்லாவற்றையும் சேர்த்தால் வெளிநாட்டு ஆளுக்கே செலவு அதிகம்.

அப்படியானால் ஏன் இன்னும் வெளிநாட்டு ஆளைத் தேடுகிறார்கள்? உள்ளூர் இளைஞர் கடினமான வேலைக்கு வருவதில்லை என்பது ஒரு காரணம், அது உண்மை. மற்றொரு காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உள்ளூர் ஆளுக்கு வேலை பிடிக்காவிட்டால் நாளைக்கே பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். வெளிநாட்டு ஆளால் போக முடியாது. பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில் இருக்கிறது. ஊரில் கடன் காத்திருக்கிறது.

ஒருவர் 15,000 ரிங்கிட் கடன் வாங்கி வந்ததாக வைத்துக்கொள்வோம். மாதம் 700 ரிங்கிட் கட்டினாலும், வட்டியே இல்லாமல் 21 மாதங்களுக்கு மேல் ஆகும். அவருடைய பெர்மிட்டின் ஆயுளோ ஓராண்டுதான். பாதியில் திருப்பி அனுப்பப்பட்டால் கடன் மட்டும் அவரோடு ஊருக்குப் போகும். அதனால் மிகை நேரச் சம்பளம் வராவிட்டாலும், அறையில் பத்துப் பேரோடு படுக்க நேர்ந்தாலும், அவர் வாய் திறப்பதில்லை. முதலாளி கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கடன் ஒன்றே அவரை மௌனமாக்கிவிடுகிறது.

ஜெரெஜாக் தீவு சொல்லும் பாடம்

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, கூப்பிடு தூரம் போல் தெரிவது ஜெரெஜாக் தீவு. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர்கள் நோய்த்தடுப்புக்காக அங்கே இறக்கி வைக்கப்பட்டுத்தான் மலாயாவுக்குள் அனுப்பப்பட்டார்கள்.

அவர்களில் முந்தியவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள். செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்கள் அவர்களுடைய உழைப்பில் வளர்ந்தவை. கப்பல் கூலியை முதலாளி முன்பணமாகக் கொடுத்து, அதைத் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதி, சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். ஒப்பந்தம் முடியும் முன் தோட்டத்தை விட்டுப் போனால் அது குற்றம்; சிறைக்கும் போக நேரிடும். அடுத்து வந்த கங்காணி முறையிலும் கங்காணி கொடுத்த முன்பணம் கழுத்துக் கயிறாக இருந்தது.

1907-இல் ஒரு மாற்றம் வந்தது. 'தமிழர் குடியேற்ற நிதி' என்ற பொது நிதியை அன்றைய காலனி அரசாங்கம் சட்டப்படி ஏற்படுத்தியது. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருந்த எல்லா முதலாளிகளும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். அந்த நிதியிலிருந்து கப்பல் கூலியும் பயணச் செலவும் கொடுக்கப்பட்டன. வந்து இறங்கிய தொழிலாளி மீது பயணக் கடன் கிடையாது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வேறு தோட்டத்துக்குப் போகவும் அவருக்கு உரிமை இருந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலி எடுப்பதும் நிறுத்தப்பட்டது.

இது கருணையினால் நடந்ததல்ல. காசு செலவழித்து ஒரு தோட்டம் கொண்டுவந்த ஆளை, செலவே செய்யாத இன்னொரு தோட்டம் இழுத்துக்கொண்டது. அந்தத் தகராறு தீர வேண்டுமானால் எல்லாரும் சேர்ந்து செலவை ஏற்க வேண்டும் என்ற வியாபாரக் கணக்கே அந்த நிதியைப் பிறப்பித்தது. அதற்குப் பிறகும் தோட்ட வாழ்க்கை இனிப்பாக இருந்துவிடவில்லை; கூலி குறைவு, லயத்து வாழ்க்கை, கள்ளுக்கடை எல்லாம் தொடர்ந்தன. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவிப் பயணத்தில் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தது. அந்த நிதி 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாறி, 1999-இல் கலைக்கப்பட்டது. ஆனாலும் ஆளைக் கொண்டுவரும் செலவு ஆளை வேலை வாங்குபவருடையது என்ற கொள்கை இந்த மண்ணில் 1907-லேயே சட்டமாக எழுதப்பட்டது.

இன்றைய லெவியை அதனோடு ஒப்பிட வேண்டும். அன்று முதலாளிகள் கட்டிய பணம் தொழிலாளியைக் கடனின்றிக் கொண்டுவரச் செலவானது. இன்று கட்டும் லெவி அரசாங்கக் கருவூலத்துக்குப் போகிறது. பயணச் செலவு தொழிலாளியின் கடனாகிறது. அதுவும் 2013-இல் லெவியைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவே அனுமதி தரப்பட்டது. 2018 சனவரி முதல்தான் முதலாளியே கட்ட வேண்டும் என்று ஆனது. நூறு ஆண்டுகளில் முன்னே போக வேண்டிய வண்டி பின்னே போயிருக்கிறது.

2014-இல் வந்த அதிர்ச்சி

இதன் விளைவை உலகம் 2014 செப்டம்பரில் பார்த்தது. வெரிட்டே என்ற அமெரிக்க அமைப்பு, பினாங்கு உள்ளிட்ட இடங்களில் மின்னியல் தொழிற்சாலைகளின் 501 தொழிலாளர்களைப் பேட்டி கண்டது. அவர்களில் 28 விழுக்காட்டினர் கட்டாய உழைப்பு நிலையில் இருப்பதாக அறிக்கை கூறியது. பேட்டி கண்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களில் 94 விழுக்காட்டினரின் கடப்பிதழ் அவர்கள் கையில் இல்லை.

யாரையும் சங்கிலியால் கட்டி வைக்கவில்லை. கடனும் கடப்பிதழுமே சங்கிலியாக இருந்தன. அடுத்த ஆண்டே மின்னியல் நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பு, வேலையில் சேர்வதற்காகத் தொழிலாளி எந்தக் கட்டணமும் செலுத்தக் கூடாது என்று தன் நடத்தை விதியைத் திருத்தியது. 2018 அக்டோபர் 29-இல் நேப்பாளமும் மலேசியாவும் செய்துகொண்ட ஒப்பந்தமும் ஆள் எடுக்கும் செலவு, விமான டிக்கெட், விசா எல்லாம் முதலாளி பொறுப்பு என்றது. பெரிய நிறுவனங்கள் வாடிக்கையாளருக்குப் பயந்தாவது மாறின. கடைத்தெருவில் பயமுறுத்த அப்படிப்பட்ட வாடிக்கையாளர் இல்லை. அங்கே முதலாளியின் மனமும் சட்டமும்தான் காவல்.

ஆள் எடுப்பவர்கள் கவனத்துக்கு

முதலாவது, சுற்றுலா விசாவில் வந்தவரை வேலைக்கு வைக்காதீர்கள். 2023 டிசம்பர் 1-இல் இந்தியர்களுக்குத் தொடங்கிய 30 நாள் விசா விலக்கு, ஊர் சுற்றிப் பார்க்கவும் உறவினரைக் காணவும் தரப்பட்டது. "முதலில் வரட்டும், பிறகு பெர்மிட் போட்டுக்கொள்ளலாம்" என்று சொல்லும் ஏஜெண்டை நம்பினால், குடிநுழைவுச் சட்டம் 55பி பிரிவின்படி ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஐந்து பேருக்கு மேல் வைத்திருந்தால் பிரம்படியும் சட்டத்தில் உண்டு.

இரண்டாவது, கடப்பிதழை வாங்கிப் பெட்டியில் பூட்டாதீர்கள். "ஓடிவிடுவான்" என்பது சட்டத்தில் சமாதானம் ஆகாது. 1966-ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டத்தின்படி பிறர் கடப்பிதழை வைத்திருப்பது 10,000 ரிங்கிட் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் தரக்கூடிய குற்றம். ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி கொடுத்து, சாவியை அவரிடமே விடுவது நல்ல வழி.

மூன்றாவது, ஊரில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுப்பவர்களுக்கு இது எளிது, மொழி ஒன்றுதான். இந்தியாவின் 1983-ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் வரியும் மட்டுமே. லட்சக்கணக்கில் கேட்டால் அது சட்டத்துக்குப் புறம்பானது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் கடப்பிதழில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். மலேசியாவுக்கு வேலைக்கு வர அவர்கள் அந்த அனுமதியைப் பெற்றே ஆக வேண்டும். இமைக்ரேட் தளத்தில் பதிவான ஏஜெண்டா என்று சரிபார்க்கலாம்.

நான்காவது, சம்பளச் சீட்டைக் கொடுங்கள், வங்கிக் கணக்கில் போடுங்கள். சொக்சோவில் பதிவு செய்யுங்கள். 2019 சனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வேலை விபத்துக் காப்பீட்டின் கீழ் வருகிறார்கள். எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து ஒருவர் காயப்பட்டால், பதிவு செய்யாத முதலாளியே மருத்துவமனை வாசலில் நிற்க வேண்டிவரும்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை

வெளிநாட்டு ஆள் வந்து வேலையைப் பறிக்கிறார் என்று குறை சொல்வதில் பொழுது போகும், சம்பளம் கூடாது. பாயான் லெப்பாஸில் வளரும் வேலைகள் கைத்திறனும் இயந்திர அறிவும் கேட்பவை. 1989-இல் தொழில் நிறுவனங்களும் மாநில அரசும் சேர்ந்து தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் போன்ற இடங்கள் அதற்காகவே இருக்கின்றன. எஸ்.பி.எம். தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளையை "ஏதாவது கடையில் சேர்த்துவிடுவோம்" என்று எண்ணும் பெற்றோர், முதலில் தொழில்திறன் கல்லூரிகளின் படியேறிப் பார்க்க வேண்டும்.

உணவகமும் முடிதிருத்தும் நிலையமும் நகைப்பட்டறையும்கூட உள்ளூர் இளைஞரை ஈர்க்கலாம். அதற்கு முறையான சம்பளம், வார விடுமுறை, தொழில் கற்ற பின் பங்கு அல்லது பதவி என்ற நம்பிக்கை வேண்டும். 2030 வரை உள்ள ஆண்டுகள் அதற்குக் கிடைத்த அவகாசம்.

அதுவரை வெளிநாட்டு ஆள் இல்லாமல் பல கடைகள் நடக்காது. ஆகவே, புதிதாக வந்து சேரும் பணியாளரிடம் முதல் நாளே முதலாளி ஒரு கேள்வி கேட்கலாம்: "தம்பி, இங்கே வந்து சேர எவ்வளவு கொடுத்தாய்? யாரிடம் கொடுத்தாய்?" உண்மையைச் சொல்ல அவருக்கு முதலில் பயமாக இருக்கும். இரண்டாம் முறையும் கேளுங்கள். தொகையைக் கேட்ட பிறகு, அதில் தம் பங்கு எவ்வளவு என்று முதலாளி எண்ணிப் பார்த்து, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டால், அந்தக் கடைக்குக் கிடைப்பது பயத்தில் நிற்கும் ஆள் அல்ல, விரும்பி நிற்கும் ஆள்.